டீக்குப் போனவருக்கு ஒரு முடிச்சு

பாறையைப் பிளந்து ஐம்பத்திரண்டு அடிக் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று ஊரே சிரித்தது, வந்தது. முள்ளுக்காடாகக் கிடந்த மூன்று ஏக்கரில் இருநூறு தென்னை வைத்தேன். கொப்பரை காயப்போட சிமெண்டுக் களம் போட்டேன். பெருமாட்டிப் பக்கத்தில் அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத அகலத்துக்குக் குடோன் கட்டினேன். தூண் நான் நட்டது, சுவர் நான் பூசியது, மாடிப்படிக்குச் செங்கல் அடுக்கியது இந்தக் கை. தோப்புக்குள் வரமுடியாது என்று கேபிள்காரர்கள் கையை விரித்தபோது, நானே கம்பம் நட்டு, ஊரில் எவர் வீட்டுக்கும் வருமுன் என் குடோனுக்கு இன்டர்நெட் ஃபைபர் லைன் இழுத்தேன். இவ்வளவும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினொரு வயதில் பீர்மேட்டு மலைப்பாதையில் லாரி கிளீனராகப் போனவன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டி நிற்குமே, அந்த மாதிரிப் பெட்டி ஒன்றின் உள்ளே, கெர்னல் என்கிற அடிமட்டத்துப் புரோகிராமில், என் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. யோசனை ஓடுகிறது, என் பெயர் அங்கே இல்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் குடோன் மாடியில் குடியிருந்த ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டேளா?" என்பார்.

பாலக்காட்டு டவுனில் கோயில் தெருக்காரர். ஐம்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, கையில் ஆம்பிளைக் கடிகாரம். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் ஊர் திரும்பியவர். தெருவில் சொந்த வீடு இருக்கும்போது என் குடோன் மாடி அறையைக் கேட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட ஃபைபர் லைன் இருக்காம். பக்கத்துல என் சொந்தக்காரா யாரும் இல்லையாம். இது ரெண்டும் சேர்ந்த இடம் பாலக்காட்டுல வேற எங்கேயும் கெடைக்கலை."

"கீழ சத்தமா இருக்குமுங்களே அம்மிணி. மூட்டை தூக்கறவங்க காத்தாலயிருந்து கூச்சல் போடுவாங்க."

"அவா எனக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு கேட்டுக் கூச்சல் போட மாட்டாளே. அது போறும்."

அறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். "பதினாலு படிங்க, ஒவ்வொண்ணும் நானே கட்டினது" என்றேன். அவர் ஏறி மேலே நின்று, "பதினஞ்சு" என்றார்.

"பதினாலுங்க. கட்டினவனுக்குத் தெரியாதுங்களா?"

திரும்பக் கீழே இறங்கினார். என்னையும் கூட ஏறச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று இருவரும் எண்ணிக்கொண்டே ஏறினோம். பதினைந்து.

"ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்கோ மொதலாளி. பார்த்துட்டுச் சொல்லுங்கோ."

மொத்தமாக அவர் அவ்வளவுதான். என் மாடியில் இருந்த பத்து மாதமும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். சர்க்கரை டப்பாவில் இருப்பது சர்க்கரைதானா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காபியில் போடுவார். அந்த டப்பாவில் சர்க்கரையைக் கொட்டியதே அவர்தான். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மிணி, உங்க பேரையாச்சும் பாக்காம சொல்லுவீங்களா?"

"பேர் மாறலையே. மாறாததை ஞாபகத்துல வெச்சுக்கலாம். மாறக்கூடியதைத்தான் ஒவ்வொரு தரமும் பார்க்கணும்."

இப்படிப்பட்ட ஒருவரை மாடியில் குடிவைத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒருவன் வாழ்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சாயத்து மெம்பர் வந்திருந்த நாள் அது. அறுபது அடிக் கிணறு என்று நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது வருடமாகச் சொல்லிவரும் அறுபது அது. அந்த அம்மாள் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். அது அடியைத் தொட்டதும் மேலே இழுத்து, களத்தில் நீட்டிப் போட்டு, டேப்பால் அளந்தார். ஐம்பத்திரண்டு. மெம்பர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் நான் அந்த அம்மாளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராக இறங்கி வந்து, "ஐம்பத்திரண்டு அடிப் பாறையைக் கையால வெட்டினவா இந்த ஜில்லாவுல எத்தனை பேர் இருப்பா? எட்டு அடியை எதுக்குச் சேர்த்துக்கணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஐம்பத்திரண்டுதான் சொல்கிறேன். அதுவே போதுமானதாகத்தான் இருக்கிறது.

அவர் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது ஒரு விவசாயியால்தான். என் குடோனில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கொப்பரை மூட்டைகளைப் போட்டு வைப்பார்கள். பத்து மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு அட்டி. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து நம்பர் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு அட்டி. அந்த விவசாயி வந்து, "என்ற மூணாவது அட்டிய எடுக்கணுமுங்க" என்றார். நான் பெரிய நோட்டைத் திறந்து, அவருடைய சின்ன நோட்டு எதுவென்று பார்த்து, அதை எடுத்து, மூன்றாம் வரியைப் படித்து, "நாப்பதாங் கட்டம்" என்று உள்ளே குரல் கொடுத்தேன். காபி டம்ளரோடு நின்றிருந்த அந்த அம்மாள் பக்கத்தில் வந்தார்.

"அவர் கேட்டது மூணு. நீங்க சொன்னது நாப்பது."

"அவருக்கு அது மூணுங்க, எனக்கு நாப்பது. ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுல இருந்துதான் நம்பர். தன்ற அட்டியெல்லாம் வரிசையா, ஒரே பக்கமா கெடக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. உள்ள வந்து பாத்தா அக்கட்டால ஒண்ணு, இக்கட்டால ஒண்ணு, எடங் கெடச்ச பக்கம் கெடக்கும்."

"எல்லாருக்கும் மூணு இருக்குமே. குழம்பாதா?"

"நோட்டு வேற வேறயாச்சுங்களே, எப்படிக் குழம்பும்?"

"இங்கே நம்பர் இல்லாம குறுக்குக் கோடு போட்டிருக்கே?"

"அந்த அட்டி இங்க இல்லீங்க. எடம் பத்தாம கொழிஞ்சாம்பாறை ஷெட்டுல போட்டிருக்குது. கேட்டாங்கன்னா வண்டி விட்டுக் கொண்டாந்து, ஒரு காலிக் கட்டத்துல போட்டு, கோட்ட அழிச்சிட்டு நம்பர் எழுதுவோம்."

"ஒரே நோட்டா வெச்சுக்கப்படாதோ?"

"பாதிப் பக்கம் சும்மா கெடக்குமுங்க அம்மிணி. பெரிய நோட்டு சின்ன நோட்டக் காட்டும், சின்ன நோட்டு கட்டத்தக் காட்டும்."

டம்ளரை மேசையில் வைத்துவிட்டார். "இதை யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

"பசிதானுங்க சொல்லிக் குடுத்துச்சு."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அவர் வேலையை எனக்குச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும், மெமரி முழுக்கத் தனக்கே, முதல் நம்பரிலிருந்து வரிசையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். துண்டுக்குப் பேஜ் என்று பெயர். புரோகிராம் சொல்லும் நம்பரைப் பார்த்து, நிஜமான இடத்தைச் சொல்லும் நோட்டுதான் பேஜ் டேபிள். அந்த நோட்டை வைத்து நடத்துவது கெர்னல். இவர் எழுதியது அந்த நோட்டு நடத்தும் பகுதியை.

"பெங்களூர்ல இதைப் படிக்க நாலு வருஷம் ஆகும், கேட்டேளா. நீங்க சுண்ணாம்பால போட்டு வெச்சிருக்கேள்."

படி எண்ணியவர், கிணறு அளந்தவர், என் நோட்டைப் பார்த்துச் சொன்னது இது. அன்று சாயங்காலம் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அவர் பகுதியில் ஒரு கோளாறு இருந்தது. மாடி அறையில் அவர் கம்பெனி செய்யும் அந்த ஆஸ்பத்திரிப் பெட்டியை வைத்து ஓட்டிக்கொண்டேயிருப்பார். அது இரண்டு பொய் நோயாளிகளின் துடிப்பை இரண்டு திரையில் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, காரணமே இல்லாமல், ஒருவருடைய துடிப்பு மற்றவருடைய திரையில் வந்து நிற்கும். உடனே ஒரு சிவப்பு விளக்கு எரியும். பொய் நோயாளி என்பதால் சரி. நிஜமான ஆளாக இருந்தால், யாருக்கோ கொடுக்க வேண்டிய ஊசியை யாருக்கோ போட்டிருப்பார்கள்.

கம்பெனிக்காரர்கள் போனில் பேசுவது கீழே வரைக்கும் கேட்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதட்டல் எந்த பாஷையிலும் தெரியும். ஒரு நாள் பேசி முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க அம்மிணி, மூஞ்சி நனைஞ்ச கொப்பரையாட்டம் இருக்குது?"

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கா. அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா என் பகுதியைத் தூக்கிப் போட்டுட்டு வேற எங்கேர்ந்தோ வாங்கிப் போடப் போறா. ஆறு வருஷம் எழுதினது மொதலாளி."

"தப்பு என்றதுதான்னு ஒத்துக்கிட்டு, கொஞ்சம் கூட நாள் கேக்கறதுதானுங்களே?"

"என்னுதுதான்னு எனக்கே தெரியலையே. பார்க்காம எப்படி ஒத்துக்கறது?"

பிடிவாதம் என்றால் இது. வேலை போகிற நேரத்திலும் பார்க்காத தப்பை ஒத்துக்கொள்ளமாட்டார். பார்க்காத சரியையும் சொல்லமாட்டார்.

இப்போது என் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடோனில் மூட்டை தூக்க எட்டு சுமட்டுக்காரர்கள், எல்லாரும் யூனியன் ஆட்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் நோட்டைப் பார்க்க வந்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று, அடிக்கடி எடுக்கும் அட்டி எந்தக் கட்டத்தில் என்பதைத் தலையிலேயே வைத்திருப்பார்கள். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரு மழைக்காலத்தில் ஓடு மாற்றுவதற்காக ஒருவருடைய அட்டியை இருபத்திரண்டாம் கட்டத்திலிருந்து வேறு கட்டத்துக்கு மாற்றினோம். ஓடு மாற்றி முடிந்ததும் வேறொருவருடைய அரைகுறையாகக் காய்ந்த அட்டியை அங்கே போட்டோம். நோட்டில் சரியாக எழுதினேன். எட்டு பேரில் வேலுச்சாமி மட்டும் பழைய ஞாபகத்தில் இருபத்திரண்டிலிருந்து தூக்கி லாரியில் ஏற்றிவிட்டான். எண்ணெய் மில்லுக்குப் போய்ச் சேருமுன் லாரி முழுக்கப் பூசண வாடை. மில்காரர் மொத்த லோடையும் திருப்பி அனுப்பினார். கொப்பரைக்குச் சொந்தக்காரர் என் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தினார்.

அன்றைக்கு வாங்கி மாட்டினேன் பித்தளை மணியை. ஒரு அட்டியை மாற்றினால் நோட்டில் எழுதிவிட்டு மணி அடிப்பேன். எட்டு பேரும் அந்த அட்டியின் பழைய இடத்தைத் தலையிலிருந்து அழித்துவிட்டு, "மறந்தாச்சு!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் காலியான கட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பேன். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் பயந்துபோவார்கள்.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. காலை பதினொரு மணி. அந்த அம்மாள் அதே படியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு அட்டியை மாற்றிவிட்டு மணி அடித்தேன். குரல்கள் வந்தன. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆள் எட்டு. சத்தம் ஏழுதான் வந்தது."

"வேலுச்சாமி டீக்குப் போயிருக்கறானுங்க."

"அவர் வர வரைக்கும் கட்டத்தைக் காலியா வெச்சிருப்பேளா?"

"லாரி நிக்குதுங்களே, எப்படி முடியும்?"

"அப்போ டீக்கடைக்கு ஆள் அனுப்பிச் சொல்லுவேளா?"

"டீ குடிக்கறவனத் தொந்தரவு பண்ணினா யூனியன்காரங்க என்னையக் கட்டி வெச்சிருவாங்க" என்றேன். உள்ளே இருந்தவர்கள், "ஆமாங்கண்ணா, கயிறு ரெடியா இருக்குதுங்க" என்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கோ. அவர் திரும்பி வரபோது தலைக்குள்ள பழைய நம்பர்தானே இருக்கும்?"

நான் வாசலைக் காட்டினேன். அங்கே எட்டு ஆணி. வெளியே போகிறவன் தலையில் கட்டியிருக்கும் தோர்த்துத் துண்டைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மணி அடிக்கும்போது ஆணியில் எந்தத் துண்டு தொங்குகிறதோ, அதில் நான் ஒரு முடிச்சுப் போடுவேன். திரும்பி வருகிறவன் துண்டில்லாமல் மூட்டை தூக்க முடியாது. துண்டை எடுத்தால் முடிச்சு கண்ணில் படும். முடிச்சு இருந்தால், அவிழ்த்து, நோட்டைப் பார்த்து, "மறந்தாச்சு" சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய் வேலுச்சாமியின் துண்டில் முடிச்சுப் போட்டேன். கட்டத்தையும் வேறு ஆளுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேலுச்சாமி வந்தான். "ஏனுங்கண்ணா, ஒரு மனுசன் நிம்மதியா ஒரு டீ குடிக்கப்படாதா? அதுக்குள்ள முடிச்சுங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். நோட்டைப் பார்த்தான். "மறந்தாச்சு!" என்று தனியாகக் கத்தினான். மற்ற ஏழு பேரும் கைதட்டினார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "டீக்குப் போனவர் திரும்பி வேற வேலைக்கு வரலை," என்று தனக்குத்தானே சொன்னார். "அதே வேலைக்கு வந்தார். அதே நோட்டுக்கு." எழுந்தார். படியில் தடதடவென்று ஓடினார். எண்ணவில்லை.

அரை மணி கழித்து இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "மொதலாளி, மணி என்கிட்டயும் இருக்கு. முடிச்சு இல்லை."

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் நாலு பிராசஸர்; என்னிடம் எட்டு ஆள் மாதிரி. அவையும் அடிக்கடி பார்க்கும் பேஜின் இடத்தைத் தங்கள் தலையில் வைத்துக்கொள்ளும். நோட்டில் இடம் மாறினால் கெர்னல் மணி அடிக்கும். மறந்தாச்சு என்ற பதில் வந்த பிறகுதான் பழைய இடம் அடுத்தவருக்கு. ஆனால் வேலையில்லாமல் கண்ணயர்ந்த பிராசஸரை மணி அடித்து எழுப்பினால் பேட்டரி வீணாகும் என்று அதை விட்டுவிடுவார்களாம். விழித்து வேறு வேலைக்குப் போகும்போது பழையதெல்லாம் அழிந்துவிடும் என்று இவர் எழுதியிருந்தார். அதே புரோகிராமுக்கே திரும்பி வந்தால்? அழியாது. பழைய ஞாபகத்தோடு, வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்ட இடத்தில் கை வைக்கும். சிவப்பு விளக்கு.

"உங்க தப்புதானுங்களா?" என்று கேட்டேன்.

"என்னுதுதான்" என்றார். பார்த்துவிட்டதால், அவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஒன்பது வரி எழுதினாராம். தூங்குகிறதை எழுப்பாமல், அதன் பெயரில் ஒரு முடிச்சு. விழித்தால் முதலில் முடிச்சைப் பார்க்க வேண்டும். பெட்டியை ஓட்டினார். மூன்று நாள் விளக்கு எரியவில்லை. நான் ஜெயித்தாச்சு என்றேன். அவர் இன்னும் இல்லை என்றார். முடிச்சை எடுத்துவிட்டு, பெட்டியை வேண்டுமென்றே அடிக்கடி தூங்கவைத்து ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு. முடிச்சைப் போட்டு அதே மாதிரி ஓட்டினார். இரண்டு நாள், ஒன்றுமில்லை. மாதக் கடைசி நாள் காலையில் கம்பெனியோடு பேசினார். இந்தத் தடவை அதட்டல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. கீழே வந்தார், யாரையும் கேட்காமல் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். எதை மாற்றினார்கள் என்று தெரியாமலே எட்டு பேரும் "மறந்தாச்சு!" என்று கத்தினார்கள். அந்த வாரமே எட்டு புதுத் தோர்த்து வாங்கிவந்து, ஒவ்வொரு ஆணியிலும் அவர் கையால் மாட்டினார்.

அப்புறம்தான் என் பெயர் விஷயம். ஒரு திருத்தம் செய்தால் அதோடு ஒரு குறிப்பு எழுதி, யார் யார் உதவினார்கள் என்று பெயர் போடுவது அந்தத் தொழிலில் வழக்கமாம். "உங்க பேரைப் போடப் போறேன். முடிச்சு யார் யோசனை?" என்று கேட்டார்.

"என்றதுங்க. வேற ஆரு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதினைந்தாம் படியும் கிணறும் இருந்தன. எட்டு பேரையும் கூப்பிட்டார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்! என் குடோனுக்கு வெளியே நான் நின்றேன். சொன்னவை எல்லாம் இந்த அம்மாளிடம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன, இதுவும் குறைந்துவிட்டால்?

வேலுச்சாமியின் குரல்தான் வெளியே கேட்டது. "மணியும் அண்ணனோடதுங்க, முடிச்சும் அண்ணனோடதுங்க. துண்டு மட்டும் எங்களுது."

வெளியே வந்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கேள்" என்றார். பத்து மாதத்தில் அந்த வாயிலிருந்து எனக்கு அந்த வார்த்தை வந்தது அந்த ஒரு தடவைதான். கிணற்றில் முதல் ஊற்று பீறிட்டபோதுகூட நான் அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை. ஆணியையும் முடிச்சையும் நோட்டையும் போட்டோ எடுத்து, என் பெயரோடு குறிப்பில் சேர்த்து அனுப்பினார்.

கம்பெனியில் குறிப்பை ஏற்றுக்கொண்டார்கள். என் பெயர் இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் இமெயில் முகவரி இருக்க வேண்டுமாம், எனக்கு அது இல்லையாம். அந்த அம்மாள் சண்டை போட்டார். அதற்குள் திருத்தம் பூட்டப்பட்டுவிட்டது; பூட்டிய குறிப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாதாம். அடுத்த மாதம் அவர் வேறு வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனார். போனபின்னும் எனக்காக அவர்களுக்கு இரண்டு கடிதம் எழுதினார்; அதற்குப் பதில் வரவில்லை.

ஆகவே இப்போது நானே கேட்கிறேன். கம்பெனிக்காரர்களே, பூட்டியதைத் திறக்கச் சொல்லவில்லை. உதவினவர்கள் பெயர்ப் பட்டியல் என்று ஒரு தாள் அந்தக் கெர்னலோடு சேர்ந்தே போகிறதாம். அதில் எப்போது வேண்டுமானாலும் புது வரி சேர்க்கலாம் என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். போட்டோக்கள் உங்களிடமே இருக்கின்றன. எட்டு சாட்சிகள் என்னிடம் இருக்கிறார்கள். இமெயில்தானே குறை? கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடையில் உட்கார்ந்து அதையும் வாங்கிவிட்டேன், தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெட்டி எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அத்தனையிலும் தூங்கி விழிக்கிற ஒவ்வொரு தடவையும் என் முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறது. அதற்கு ஒரு வரி கேட்கிறேன்.

பெயர் ஆறுச்சாமி. ஊர் பெருமாட்டி. தொழில் கொப்பரைக் குடோன். மணி உங்களிடம் முன்பே இருந்தது. அதற்கு நான் உரிமை கேட்கவில்லை. முடிச்சு என்னுடையது. போடுங்கள்.